கண்ணசைவுக்கு முன்னால் ஒரு நூற்றாண்டு

இ.எம்.டி.ஆர். என்ற மனவடுச் சிகிச்சையைப் பற்றித் தோழிகளிடம் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே கண்ணுக்குப் போய்விடுகிறது. சிகிச்சையாளர் விரலை இடமும் வலமுமாக அசைப்பார். நாம் தலையைத் திருப்பாமல் கண்ணால் அதைப் பின்தொடர வேண்டும். அப்படியே பழைய கொடுமையின் நினைவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் “மந்திரம் மாதிரி இருக்கே” என்கிறார்கள். மீதிப் பேர் “ஏமாத்து வேலை” என்கிறார்கள்.

நான் இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவள். எனக்கு நடந்தது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதாமல் இருக்கும் உரிமையும் இந்தக் கட்டுரையின் பொருள்தான். நான் எழுத விரும்புவது அந்த நாற்காலியில் என்னைப் போன்ற ஒருத்தி உட்காருவதற்கு முன்னால் நடந்தவற்றை. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட வன்முறை அவள் மனதில் காயத்தை உண்டாக்கும் என்ற எளிய விஷயத்தை மருத்துவம் ஏட்டில் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அதை ஏற்கவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல் அசைவு அந்த வரலாற்றின் கடைசிப் பக்கங்களில்தான் வருகிறது.

பார்க்கப்பட்டவர்கள்

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1870களிலும் 80களிலும் ழான் மார்த்தன் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் ‘ஹிஸ்டீரியா’ நோயை ஆராய்ந்தார். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வலிப்பு, பேச்சிழத்தல், கைகால் மரத்துப்போதல் என்று வந்த பெண்களை ‘நடிக்கிறார்கள்’ என்று தள்ளிவிடாமல், இது உண்மையான நோய் என்று அவர் சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் அவர் அவர்களைப் பார்த்தார். படம் எடுக்க வைத்தார். செவ்வாய்க்கிழமை விரிவுரைகளில் கூட்டத்தின் முன் நிறுத்தினார். 1887இல் புரூயே வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் ஆண்கள் நிறைந்த கூடத்தின் நடுவே மயங்கிச் சாய்கிறாள் ஒருத்தி. எல்லார் கண்ணும் அவள் மேல்.

அந்த மருத்துவமனையின் புகைப்படத் தொகுப்பில் அதிகம் இடம்பெற்றவள் ஒகுஸ்தீன். 1875இல் 14 வயதில் அங்கே சேர்க்கப்பட்டாள். அதற்கு முன்பே, தாய் வேலை பார்த்த வீட்டுக்காரனால் அவள் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தாள். இது பிற்காலப் பெண்ணியவாதிகளின் ஊகமல்ல. மருத்துவமனை வெளியிட்ட குறிப்பிலேயே இருக்கிறது. வலிப்பு வரும்போதெல்லாம் அவள் அவனோடு போராடினாள், அவனை விலகச் சொன்னாள். மருத்துவர்கள் அந்தச் சொற்களைக் கவனமாக எழுதிக்கொண்டார்கள். நோயின் அடையாளங்களில் ஒன்றாக எழுதினார்கள்; ஒரு சாட்சியமாக யாரும் கேட்கவில்லை. 1880இல் அவள் ஆண் உடை அணிந்து அங்கிருந்து தப்பிப்போனாள். எனக்குத் தெரிந்தவரையில் அந்த வரலாற்றில் அவளாகச் செய்த ஒரே சிகிச்சை அதுதான்.

ஷார்கோவிடம் பயின்ற இருவர் அடுத்த படியைக் கடந்தார்கள். பியேர் ழானே, தாங்க முடியாத அனுபவம் மற்ற நினைவுகளோடு சேராமல் தனியே நின்று மனிதரை ஆட்டிவைக்கிறது என்றார். சிக்மண்ட் ஃபிராய்ட், புரோயருடன் சேர்ந்து 1895இல் ஹிஸ்டீரியா பற்றிய நூலை வெளியிட்டார். அதில் ‘அன்னா ஓ’ என்று வரும் பெண்தான் பேச்சால் குணமாகும் முறைக்கு ‘பேச்சு வைத்தியம்’ என்று முதலில் பெயர் வைத்தவர். அவருடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, பெண் கடத்தலுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். பாடப் புத்தகங்களில் அவர் இன்னும் நோயாளியாக மட்டுமே இருக்கிறார்.

1896இல் ஃபிராய்ட் 18 நோயாளிகளை முன்வைத்து, ஹிஸ்டீரியாவின் வேரில் குழந்தைப் பருவத்துப் பாலியல் வன்முறை இருக்கிறது என்று வியன்னாவில் அறிவித்தார். மறு ஆண்டே, தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். அது உண்மையென்றால் எத்தனை தகப்பன்மாரைக் குற்றம் சாட்ட வேண்டியிருக்கும் என்பது கடிதத்தில் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அவர் ஏன் பின்வாங்கினார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் சச்சரவு உண்டு. விளைவில் சச்சரவுக்கு இடமில்லை. சிறுமிகள் சொன்னது நடந்த சம்பவமா, அவர்களுடைய ஆசையின் கற்பனையா என்ற சந்தேகம் பல பத்தாண்டுகளுக்கு மனநல மருத்துவத்தில் குடியேறியது.

சிப்பாய்க்கு வந்தபோது

முதல் உலகப்போரில் அதே அறிகுறிகள் சிப்பாய்களுக்கு வந்தன. நடுங்கினார்கள், பேச்சை இழந்தார்கள், இரவில் அலறினார்கள். 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். ஆணுக்கு வந்தபோது கருப்பையைச் சொல்ல முடியவில்லை, குண்டைச் சொன்னார்கள். குண்டு வெடிக்காத இடத்திலும் அறிகுறிகள் வந்தபோது, கோழைத்தனத்தைச் சொன்னார்கள். போர் முடிந்ததும் ஆர்வமும் முடிந்தது. அடுத்த போர் வந்ததும் மீண்டும் தொடங்கியது.

வியட்நாம் போருக்குப் பிறகுதான் அது நிலைத்தது. 1970 வாக்கில் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தங்களுக்கு நடந்ததையும் தாங்கள் செய்ததையும் பேசினார்கள். அதே ஆண்டுகளில் பெண் விடுதலை இயக்கத்தினர் வீட்டுக் கூடங்களில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 1971இல் நியூயார்க் ரேடிக்கல் ஃபெமினிஸ்ட்ஸ் அமைப்பு வன்புணர்வு பற்றிப் பெண்கள் வெளிப்படையாகப் பேசும் கூட்டத்தை நடத்தியது. ‘எனக்கும்’ என்ற சொல்லுக்கு அன்று ஹேஷ்டேக் தேவைப்படவில்லை.

பாஸ்டன் நகர மருத்துவமனையில் மனநலச் செவிலியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரமும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் யார் அவசரப் பிரிவுக்கு வந்தாலும், எந்த நேரமானாலும், தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். இவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். ஒரு வருடம் இப்படி நடந்தது. வந்த 146 பேரில் 92 பேர் வன்புணர்வுக்கு ஆளான வயதுவந்த பெண்கள். தூக்கமின்மை, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுதல், சம்பவத்தை நினைவூட்டும் இடத்தைத் தவிர்த்தல். போர்வீரர்களிடம் எழுதப்பட்ட அதே பட்டியல். 1974இல் அவர்கள் இதற்கு ‘வன்புணர்வு மனவடு அறிகுறித் தொகுதி’ என்று பெயர் கொடுத்தார்கள்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்தது. ஆனால் அந்த வரையறையிலேயே ஒரு வேலி இருந்தது: நடந்தது ‘வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட’ நிகழ்வாக இருக்க வேண்டுமாம். உளவியலாளர் லாரா பிரவுன் 1991இல் இந்த வரியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் சிறுமிக்கு நடப்பதும், கணவனிடம் அடிவாங்குவதும் எத்தனையோ பெண்களுக்கு அன்றாடமாக இருக்கும்போது, ‘வழக்கமான மனிதர்’ என்று நீங்கள் யாரை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். 1994இல் வந்த கையேட்டில் அந்த வரி இல்லை. 1992இல் ஜூடித் ஹெர்மன் எழுதிய ‘டிராமா அண்ட் ரெகவரி’ இந்தக் கிளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது: ஹிஸ்டீரியாக்காரி, சிப்பாய், அடிவாங்கும் மனைவி ஆகியோரின் காயம் ஒரே காயம், அதை ஆராய ஓர் அரசியல் இயக்கம் பின்னால் நின்றால்தான் மருத்துவம் ஆராய்கிறது.

ஓர் இலக்கிய மாணவி

இந்தச் சூழலுக்குள்தான் ஃபிரான்சின் ஷாபிரோ வருகிறார். 1948இல் புரூக்ளினில் பிறந்தவர். தாமஸ் ஹார்டியின் கவிதைகளில் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆங்கில இலக்கிய மாணவி. 1979இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன் பிறகு இலக்கியத்தை விட்டு, மனதுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பைத் தேடி கலிபோர்னியா பக்கம் போனார். 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை வதைத்த எண்ணம் ஒன்று மங்கிப்போனதையும் அப்போது தன் கண்கள் வேகமாக இருபக்கமும் அசைந்ததையும் கவனித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கண்ணசைவைத் தானே அப்படிக் கவனிக்க முடியாது என்று இந்தக் கதையைச் சந்தேகித்தவர்களும் உண்டு.

1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 22 பேர், வியட்நாம் போருக்குப் போனவர்களும் பாலியல் வன்முறையைக் கடந்தவர்களும். போர்க்களமும் படுக்கையறையும் முதலிலிருந்தே ஒரே ஆய்வில் சேர்ந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். ஒரே அமர்வில் பெரிய முன்னேற்றம் என்று முடிவு வந்தது. ஆனால் சிகிச்சை கொடுத்தவரும் முன்னேற்றத்தை அளந்தவரும் அவரே. இந்தக் குறை நியாயமானது. பிறகு வந்தவர்கள் அதைச் சரிசெய்து பார்க்க வேண்டியிருந்தது. 2019இல் அவர் இறந்தபோது அந்த முறை உலகெங்கும் பரவியிருந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, பி.டி.எஸ்.டி.க்கு மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு இதையும் பரிந்துரைத்தது.

இன்று மனவடுவுக்கு முன்னணியில் இருக்கும் மற்ற இரண்டு முறைகளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லி அச்சத்தைத் தணிக்கும் முறையை உருவாக்கியவர் எட்னா ஃபோவா; 1991இல் வெளியான அவரது முக்கிய ஆய்வு வன்புணர்வுக்கு ஆளான பெண்களோடு நடந்தது. சிக்கிக்கொண்ட எண்ணங்களை எழுதி விசாரிக்கும் முறையை உருவாக்கியவர் பட்ரீசியா ரெசிக். அதுவும் வன்புணர்வைக் கடந்த பெண்களோடுதான் தொடங்கியது. பெண்கள் உருவாக்கி, பெண்களின் காயத்தின் மேல் சோதித்த முறைகள் இன்று எல்லாப் படைவீரர்களுக்கும் பயன்படுகின்றன. உளவியல் வகுப்பில் இதைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றுவதில்லை.

அறைக்குள் நடப்பது

இந்தச் சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள். கண்ணசைவு நான்காவதில்தான் ஆரம்பிக்கிறது. முதலில் வாழ்க்கை வரலாறு, பிறகு தன்னை நிதானப்படுத்திக்கொள்ளப் பயிற்சி. மூன்றாவதில் நினைவின் மோசமான காட்சி ஒன்றைத் தேர்ந்து, அதோடு ஒட்டியிருக்கும், நம்மைப் பற்றிய ஒரு வாக்கியத்தையும், அதன் இடத்தில் நாம் நம்ப விரும்பும் வாக்கியத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்; விரும்பும் வாக்கியம் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை.

என் சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார். எல்லா வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கின. எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. எனக்குள் இருந்த வாக்கியம் தமிழில், என் பெரியம்மாவின் குரலில் இருந்தது: “வெளியே தெரிஞ்சா யாருக்குடி அசிங்கம்?” அதைச் சொன்னேன். அவர் பட்டியலை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், “அந்தக் கேள்விக்கு நீங்க மனசுக்குள்ள என்ன பதில் சொன்னீங்க?” எனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன், இருபத்தாறு வருடமாக. ‘அசிங்கம் எனக்குத்தான்’ என்பதை வைத்துக்கொண்டு வேலை ஆரம்பித்தோம். அவர் விரலைத் தொடர்ந்தபோது முதலில் வந்தது காட்சி அல்ல. அந்த வீட்டு ஃபேன் சத்தம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் “இப்ப என்ன வருது?” என்று மட்டும் கேட்டார். “கோபம்” என்றேன். “அதோட போங்க” என்றார். நடந்ததை வரிசையாக விவரிக்கும்படி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அசிங்கம் செய்தவனுடையது என்ற எளிய உண்மையை நான் கல்லூரிக் காலத்திலேயே பெண்ணியப் புத்தகங்களில் படித்திருந்தேன். மேடையில் பேசியும் இருக்கிறேன். அது உடம்புக்கு வந்து சேர அந்த அறை தேவைப்பட்டது. ஆனால் அந்த உண்மையை முதலில் யாரோ வட்டமாக உட்கார்ந்து பேசிக் கண்டுபிடித்திருக்காவிட்டால், என் சிகிச்சையாளர் என்னிடம் எந்த வாக்கியத்தைத் தேடியிருப்பார்?

கண்ணுக்கு எவ்வளவு பங்கு?

இதற்கான பதில் இன்னும் முடியவில்லை. ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி, இதில் பலன் தருவது பழசு, புதுசாக இருப்பது பலன் தரவில்லை என்ற பொருளில் எழுதினார். அதாவது, நினைவை நேருக்கு நேர் சந்திப்பதுதான் குணமாக்குகிறது, விரல் அலங்காரம் என்றார். 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கண்ணசைவால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2013இல் இன்னொரு தொகுப்பாய்வு, கண்ணசைவுக்கும் பங்கு உண்டு என்றது.

இன்று அதிகம் பேசப்படும் விளக்கம், மனதின் செயல்நினைவு பற்றியது. ஒரே சமயத்தில் மனம் வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். கொடுமையான காட்சியையும் நகரும் விரலையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தால், காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைந்து அது மங்குகிறது. மங்கிய நிலையிலேயே திரும்பச் சேமிக்கப்படுகிறது. வேறு சில வேலைகளைக் கொடுத்தாலும் இப்படி மங்குவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் கண்ணில் மாயம் எதுவும் இல்லை. வன்புணர்வுக்கு ஆளான 74 பெண்களை வைத்து பார்பரா ராத்பாமும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோவாவின் முறையும் இதுவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன.

வணிகம் பற்றிய விமர்சனமும் எனக்கு முக்கியம். ஆரம்ப ஆண்டுகளில் இதைக் கற்றவர்கள் பிறருக்குக் கற்றுத்தரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. தரம் காக்க என்றார்கள். பயிற்சி விலை உயர்ந்தால் சிகிச்சை விலையும் உயரும். அந்தச் செலவைக் கடைசியில் சுமப்பது நோயாளி. இதற்கு மாற்றான கிளையும் இதே மரத்தில் உண்டு. 1997இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் பாலின் புயல் தாக்கிய பிறகு, அங்கே தப்பிப் பிழைத்தவர்களோடு வேலை செய்த லூசினா ஆர்திகாஸ், கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தன் தோள்களைத் தானே மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளும் ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்ற முறையைக் கொண்டுவந்தார். கூட்டமாக உட்கார்ந்து செய்யலாம். சிகிச்சையாளரின் விரல்கூட வேண்டாம்.

சொல்லாமல் குணமாவது, சொல்லி நிற்பது

இனி என்னை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். எழுபதுகளின் பெண்கள் பேசுவதற்காகப் போராடினார்கள். விவரமாகச் சொல்லாமலே குணமாகலாம் என்று ஒரு சிகிச்சை வரும்போது, அது நம்மை மீண்டும் மௌனத்துக்கு அனுப்புகிறதா?

நம் நாட்டில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் காவல் நிலையத்தில் சொல்கிறாள், மருத்துவமனையில் சொல்கிறாள், நீதித்துறை நடுவர் முன் சொல்கிறாள், வழக்கு வந்ததும் நீதிமன்றத்தில் சொல்கிறாள், குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு வரிக்கும் மீண்டும் சொல்கிறாள். சொல்லும்படி வற்புறுத்தப்படுவதும் சொல்லவிடாமல் தடுக்கப்படுவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். ஒரு இடத்திலாவது ‘விவரம் வேண்டாம்’ என்று ஒருவர் சொல்வது பெரிய ஆறுதல். அந்த அறையில் நான் பேசாமல் இருந்ததற்கும் பெரியம்மா என்னைப் பேசாமல் இருக்க வைத்ததற்கும் உள்ள வித்தியாசம், முடிவு யார் கையில் இருந்தது என்பதுதான்.

ஆனால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நினைவின் காட்சி மங்குவது நோயாளிக்கு நிம்மதி, சாட்சிக்கு ஆபத்து. ஷாபிரோ தன் பாடநூலிலேயே, சட்ட நடவடிக்கையில் சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே இதை எடுத்துச்சொல்ல வேண்டும் என்கிறார். நிறமும் நேரமும் இடமும் துல்லியமாகச் சொல்லாத பெண்ணை நீதிமன்றம் சந்தேகிக்கிறது. நடுங்காமல், அழாமல் சொன்னாலும் சந்தேகிக்கிறது. ஆக, வழக்கு முடியும்வரை காயம் ஆறாமல் இருக்க வேண்டும் என்று மறைமுகமாக அவளிடம் கேட்கப்படுகிறது. நம் ஊர் வழக்குகள் எத்தனை வருடம் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2022இல் தந்த வழிகாட்டி, விசாரணையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இங்கே பெண்கள் அமைப்புகள் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

மாணவிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: சிகிச்சை எடுப்பது என்றால், பிரச்சினை நம் மூளையில்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. கால் உடைந்தவள் கட்டுப் போட்டுக்கொள்கிறாள். அதனால் தள்ளிவிட்டவன் தப்பிவிடுவதில்லை. சிகிச்சை என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வீட்டில் இன்றும் சிறுமிகள் வளர்கிறார்கள்; அவர்களைப் பற்றி உறவுக்காரர்களிடம் பேச, அதற்காக ஏச்சு வாங்க, தூங்கி எழுந்த உடம்பு வேண்டியிருக்கிறது. இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நினைப்பவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். வழக்கு நடக்கிறது என்றால் முதல் நாளே சொல்லுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாரா என்று கேளுங்கள். ஒகுஸ்தீனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அது இயல்பாக வந்ததல்ல.